எழுபத்திரண்டு

அறை அமைதியாக இருந்தது. மருத்துவமனை அறை இவ்வளவு அமைதியாக இருக்காதே என்று அவனுக்குத் தோன்றியது, தோன்றியதோடு சரி. சாயங்கால வெயில் திரைச்சீலையை மஞ்சளாக்கி அம்மாவின் போர்வைமேல் வழிந்துகொண்டிருக்க, மருந்துநெடி மூக்கிலேயே தங்கியிருக்க, வெளியே ஒரு தள்ளுவண்டி கிறீச் கிறீச்சென்று போய் ஓய்ந்தது. கட்டிலுக்கு மேலிருந்த மானிட்டரில் இதயத்துடிப்பு எழுபத்திரண்டு என்று பச்சையாக ஒளிர்ந்தது.

"முன்னாடியெல்லாம் இது சும்மா சும்மா கத்தும் சார்," என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "போன வாரம் என்னமோ மாத்துனாங்க. இப்ப தொல்லையே இல்ல."

அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட. அந்த மானிட்டருக்குப் புரோகிராம் எழுதும் கம்பெனியில்தான் அவனுக்கு வேலை. எழுதுவதெல்லாம் இப்போது ஏஐ. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புதல் தரவேண்டும் என்ற பழைய விதி மட்டும் மிச்சமிருந்தது. அந்த இன்னொருவர் இவன்.

முன்பு அந்த நாற்காலியில் இருந்தவனுக்கு ஆபீஸில் சந்தேகப்புலி என்று பெயர். வரிக்கு வரி கேள்வி கேட்டு உயிரை எடுப்பான். வேகம் பத்தவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பாவம். இவன் வேகம். சோதனைகள் எல்லாம் தேறிப் பச்சை விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புதல் பட்டனை அழுத்திவிடுவான். சோதனைகளை எழுதுவதும் அதே ஏஐதான்.

மடியிலிருந்த லேப்டாப் சிணுங்கியது. பச்சை. அழுத்தினான். இன்னொன்று. அழுத்தினான். இடது கை அம்மாவின் கையைப் பிடித்திருந்தது. சில்லென்றிருந்தது. ஏசி அதிகம் போல.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு நிமிர்ந்தான். எழுபத்திரண்டு.

உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. துடிப்பு என்றால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். இது அசையவே இல்லை.

போன வாரம் என்னமோ மாத்துனாங்க.

லேப்டாப்பில் தேடினான். இருந்தது. 'துடிப்பு வராதபோது கடைசியாகக் கிடைத்த எண்ணையே தொடர்ந்து காட்டும். வீண் அலாரம் குறையும்.' சோதனைகள் பச்சை. ஒப்புதல்: அவன் பெயர். அழுத்தியதாக ஞாபகமே இல்லை.

கத்த வேண்டும். தெரிந்தது. பெல் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. அதுவும் தெரிந்தது. உடம்பு எழவில்லை.

போன் அதிர்ந்தது. மனைவி.

"அத்தை எப்படி இருக்காங்க? முழிச்சிட்டாங்களா?"

வெயில் போர்வையை விட்டு முகத்துக்கு ஏறியிருந்தது. பாதி திறந்த கண்ணுக்குள் நேராக விழுந்தது. இமை ஆடவில்லை.

"என்னங்க? இருக்கீங்களா?"

"எழுபத்திரண்டு," என்றான்.

"அப்பாடா," என்றாள் அவள்.

லேப்டாப் சிணுங்கியது. இதே மாற்றம், எல்லா மருத்துவமனைகளுக்கும். பச்சை. அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் அழுத்தியது.