கணக்குக்குச் சொந்தக்காரி

பொன்மலர் மறுபடியும் எழுதினாள்: “வால்வில் அம்மோனியா கசிந்ததை நான் பார்த்தேன்.” கைப்பேசி மறுபடியும் சிவந்து அவளை ‘அயலார்’ என்றது.

தொழிலாளர் நீதிமன்றமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆக்சிஜன் குழாயோடு அமலோற்பவம். இறால் கம்பெனியின் குளிர்கிடங்கில் நுரையீரல் வெந்துபோனவள். வால்வில் பழுதே இல்லை என்று கம்பெனி சாதிக்கிறது. பார்த்தவள் பொன்மலர் ஒருத்திதான்.

தொழிலாளி தன் சொந்த இணையக் கணக்கில் எழுதியதற்காக வேலையைப் பறிக்கக் கூடாது என்பது சட்டம். முதலாளிகள் கடவுச்சொல்லை மிரட்டி வாங்கியதால் சங்கங்கள் போராடிக் கடவுச்சொல்லையே ஒழித்துவிட்டன. எழுதும் விதத்தை வைத்து ஆளை அறியும் ‘நடையறி’ வந்தது. நல்ல சட்டம்தான், குறை சொல்ல முடியாது.

ஆனால் நம் குடும்பக் குழுக்கள் இருக்கின்றனவே! காலை வணக்கம், சீமந்த வாழ்த்து, சம்பந்தி வீட்டுக்கு இரங்கல், எது விட்டுப்போனாலும் மனத்தாங்கல். இறால் உரித்து மரத்த விரல்களால் எத்தனைதான் தட்டுவது? அவள் எல்லாவற்றையும், தன் பெயரில் தானாகவே எழுதும் ‘பதிலி’ என்ற மென்பொருளிடம் விட்டுவிட்டாள். மேலாளரின் பதிவுகளுக்கும் அதுவே கைதட்டியது. இத்தனை வருடத்தில் நடையறி பழகிக்கொண்டது பதிலியின் நடையைத்தான்.

“யம்மா, நாங்க அனுப்பின கேள்விக்கு இந்தக் கணக்குக்குச் சொந்தக்காரங்க ஏற்கெனவே சாட்சி சொல்லிட்டாங்களே” என்று விசாரணை அதிகாரி திரையைத் திருப்பினார். “வால்வு நன்றாக இருந்தது. கம்பெனி எங்கள் குடும்பம். அனைவருக்கும் இனிய மதிய வணக்கம்.”

பொன்மலர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். “அது நான் இல்ல சார். நான்தான் இங்க நிக்கேனே.”

“நீங்க பொன்மலர்தான், யாரு இல்லைன்னா? ஆனா கணக்கு உங்களுது இல்ல. அடுத்தவங்க கணக்குல நுழையப் பாத்ததுக்கு உங்க மேல நான் நடவடிக்கை எடுக்கணும்.”

“அப்ப வாயால சொல்லுதேன், எழுதிக்கிடுங்க.”

“அதுக்குப் பாதுகாப்பு கிடையாதும்மா. இன்னைக்கே வேலை போயிரும்.”

அமலோற்பவம் அவள் கையைப் பிடித்தாள். பேச மூச்சில்லை. பொன்மலர் நடந்ததையெல்லாம் சொன்னாள். அதிகாரி பொறுமையாக எழுதிக்கொண்டு மேலே தலைப்பிட்டார்: ‘அயலார் ஒருவர் கூறியது.’

வெளியே வந்து கைப்பேசியைத் திறந்தாள். படிக்க யாருக்கும் தடையில்லை. அவள் கணக்கில் அம்மா எழுதியிருந்தாள்: “யாரோ ஒருத்தி உன் பேரச் சொல்லிக்கிட்டுத் திரியுதாளாமே. உசாரா இரு மக்கா.”

கீழே அவள் பெயரிலேயே உடனடியாகப் பதில் விழுந்திருந்தது: “கவலைப்படாதீங்கம்மா. சட்டம் என் பக்கம் இருக்கு.”