டெலெக்ஸில் சின்ன எழுத்து

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு ஈப்போ ஆபீஸ் டெலெக்ஸ் மெஷின் சின்ன எழுத்தில் அடித்தது. மங்களம் வாய்க்குக் கொண்டுபோன நாசி லெமாக் சோற்றை அப்படியே பொட்டலத்தில் போட்டாள். அந்த மெஷினுக்குச் சின்ன எழுத்தே கிடையாது. ரப்பர் விலையோ சாவுச் செய்தியோ, எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் கத்தும். வேலைக்கு நடுவே ஊர் விட்டு ஊர் வம்பளக்கிற ஆப்பரேட்டர்கள் தமிழைக்கூட அந்தப் பெரிய எழுத்திலேதான் அடித்துக்கொள்வார்கள்.

'புனி, சாப்டியா?' என்று இருந்தது காகிதத்தில்.

புனி என்றால் புனிதவதி. யாழ்ப்பாணத்து வீட்டுப் பெண், காலை ஷிப்ட். மங்களம் மத்தியான ஷிப்ட். இரண்டு பேருக்கும் ஒரே மெஷின், ஒரே நாற்காலி. அப்படிக் கேட்கிறவன் பினாங்குக் கிளையில் இருந்த அர்ச்சுனன் ஒருத்தன்தான். மங்களத்தைப் போலவே ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினவர்கள் பெற்ற பிள்ளை. ஆனால் அந்தத் துரை வழிந்தது புனியிடம். புனி கிழித்துப் போட்ட சுருள்களைக் குப்பைக் கூடையில் பொறுக்கி மங்களம் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறாள். 'பெரிய எழுத்துல ஆசையா எழுதினாலும் ஏலம் போடுற மாதிரி இருக்கு, சின்ன எழுத்துன்னா காதுல சொல்ற மாதிரி இருக்கும்லா' என்று ஒரு தரம் எழுதியிருந்தான். என் காதில் எவன் என்ன சொன்னான் என்று அன்றைக்கு சிலிபினில் இருக்கும் தன் வீட்டில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். வயிற்றெரிச்சல்தான், வேறு என்ன?

பெரிய எழுத்தில் ஒரு சௌகரியம். கையெழுத்து கிடையாது, குரல் கிடையாது, யார் அடித்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் புனியாகவே உட்கார்ந்து அடித்துவிட்டாள்: எங்கட ஆக்களுக்குள்ளேயே டாக்டர் மாப்பிள்ளை பார்த்தாச்சு, இனி எழுத வேண்டாம். அவன் ஓய்ந்ததும் தன் பெயரில் மெல்லப் பேச்சுக் கொடுக்கலாம் என்று நினைப்பு. அவனோ கொட்டுகிற மழையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குக் கிளம்பிவிட்டான். கோலகங்சார் தாண்டி மரம் ஏற்றின ஒரு லோரியில் போய் மோதி அங்கேயே முடிந்தான். அந்த மழையில் எதற்கு வந்தான் என்று புனிக்கு இன்னும் தெரியாது. அது மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்று மங்களம் கல்லுமலைக் கோயிலில் நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

ஆபீஸில் யாரும் இல்லை. மலாய்க்காரர்கள் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள், முதலாளி சாப்பிடப் போயிருந்தார். காற்றாடி மட்டும் கிரீச் கிரீச்சென்று சுற்ற, பாதி மூடிய சன்னல் வழியாக வெயில் தரையில் கோடு போட்டிருக்க, அந்த வெயிலுக்குள்ளே எங்கிருந்தோ நனைந்த மழைக்கோட்டு நாற்றமும் பெட்ரோல் நாற்றமும் கலந்து வந்தது.

'புனி, நனைஞ்சிட்டேன். வந்துட்டேன்லா.'

சின்ன எழுத்தாயிற்றே, எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை. அவன் குரலை ஒரு நாளும் கேட்டிராத மங்களத்தின் காதுக்குள் அது குரலாகவே இறங்கியது.

எட்டிப் பிளக்கைப் பிடுங்கினாள். மெஷின் நிற்கவில்லை. வெளியூரிலிருந்து செய்தி வரும்போது காகிதத்தில்தான் அடிக்கும், இந்தப் பக்கத்து எழுத்துக் கட்டைகள் அசையாது. இப்போது கட்டைகள் ஒவ்வொன்றாக அமுங்கின. ஆளில்லாமல்.

புனி. புனி. புனி.

பயத்துக்குள்ளேயும் அந்தப் பாழாய்ப்போன மனசு எரிந்தது. செத்தும் அவளைத்தான் கேட்கிறான். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கட்டைகளில் விரல் வைத்து அடித்தாள்.

'புனி இல்லை. நான் மங்களம். என்னோடு பேசு.'

மெஷின் நின்றது.

பிறகு அவள் கைமேல் ஈரம். சில்லென்று. அவள் விரல் ஒவ்வொன்றின்மேலும் ஒரு விரல் வந்து உட்கார்ந்தது. பத்தும். அழுத்தின.

அவள் விரல்கள் அடிக்க ஆரம்பித்தன. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

கதவு திறந்தது. மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கப் புனிதவதி வந்திருந்தாள். மெஷின் சத்தம் கேட்டுப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

'புனி, டாக்டர் மாப்பிள்ளைன்னு அன்னைக்கு அடிச்சது நீ இல்ல. இவ.'

படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். மங்களத்தின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

"புனி, கையைப் பிடிச்சு இழு," என்றாள் மங்களம். நகம் பிளந்திருந்தது. "தாங்க முடியல."

புனி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நிப்பாட்டாதேங்கோ, அக்கா," என்றாள் மெதுவாக. "அவர் என்னோட கதைக்கிறார்."

விரல்கள் அடித்தன. இரத்தம். காகிதம் ஏறிக்கொண்டே இருந்தது. விரல் வழுக்கிய கட்டையைப் புனி தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அடுத்த வரியைப் படித்தாள்.