மீசை இல்லாத அப்பா

அக்கா, பஸ்ஸுக்கு நடந்துட்டே இருக்கேன், அதான் பேசியே டைப் பண்றேன். தப்பா விழுந்தா சரியா படிச்சுக்கோ. அப்பா விசா இன்னிக்கு கிடைக்கல. நீயும் மாமாவும் மாசியில குவைத் கிளம்பறீங்க, அப்புறம் அவரைப் பாத்துக்க அங்க யாரும் இல்ல, அதுக்குள்ள இங்க கூட்டிக்கணுமே.

காலையில தலைக்குக் குளிச்சேன், எண்ணெய் வைக்கல. எண்ணெய் இருந்தா, சொந்தக்காரங்க முகம் தெரியுதான்னு பாக்கற அந்த அறிமுகச் சோதனைத் தொப்பி மண்டையில ஒட்டாதாம். வரிசையில எனக்கு முன்னாடி ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா, பொண்டாட்டியைக் கூப்பிட வந்தவர். "பயப்பிடாதைங்கோ தங்கச்சி, சண்டை பிடிச்ச முகத்தை மூளை உடன கண்டுபிடிச்சிடும்"னு சிரிச்சார். அவர் பாஸ்.

உள்ள வரிசையா முகங்கள் காட்டினாங்க, ஒவ்வொண்ணும் கண்ணிமைக்கிற நேரம். தெரிஞ்ச முகம் வந்தா மூளையில ஒரு அலை எழும்பும். அதை மறைக்கவும் முடியாது, வரவழைக்கவும் முடியாது. லட்சக்கணக்கான மூளைப் படங்களைப் பாத்துப் பழகின மெஷின் அந்த அலையைத்தான் தேடுது. சர்டிபிகேட்டை யார் வேணா அச்சடிக்கலாம், ரத்த டெஸ்ட் தத்துப் பிள்ளைங்களுக்கு அநியாயம்னு சொல்லி, இப்ப உறவுக்கு அது ஒண்ணுதான் சாட்சி.

முடிஞ்சதும் ஆபீசரம்மா, "இதுல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை"ன்னா.

"எங்கப்பா இருந்திருப்பாரே!"

"இருந்தார். இவர்தான்."

பாத்தேன். மீசையில்லாம, கன்னம் ஒட்டிப்போய், யாரோ ஒருத்தர். முகம் தெளிவா தெரியணும்னு விதியில போட்டிருந்ததை நம்பி, ஃபோட்டோவுக்கு முன்னாடி சலூனுக்குக் கூட்டிட்டுப் போனியா? உன்னைக் குத்தம் சொல்லலக்கா. வீடியோ போட்டா ரெண்டு பேரும் அழுதுடறோம்னு, நான் இங்க வந்ததுலேர்ந்து குரல் மட்டும்தானே.

"இப்பத் தெரியுது மேடம், இவர்தான் எங்கப்பா!"

"இப்ப நான் சொன்னேன், அதனால தெரியுது."

போன வாரம் சென்னையில அப்பா பாஸ் ஆனாரே, நினைச்சுப் பாரு. உன்னையே பேரு மாத்திக் கூப்பிடற மனுஷன், சாப்பிட்டதை மறந்துட்டு மறுபடி தட்டு கேக்கற மனுஷன். என் முகம் வந்ததும் அவருக்கு அலை பொங்கியிருக்கு. எல்லாம் ஞாபகம் இருக்கற நான் ஃபெயில்.

மறுசோதனை தை மாசம். ரெண்டு பேரும் புதுசா உக்காரணும், படத்தை மாத்த விடமாட்டாங்க. அதனால மீசை வளர விடாத. தினம் வீடியோ போடு, அழுதாலும் பரவால்ல. இந்த முகத்தை நான் பழகிக்குவேன்.

என் பயம் அது இல்லக்கா. டாக்டரைக் கேட்டுச் சொல்லு. தை வரைக்குமாவது அப்பாவுக்கு என்னைத் தெரியுமா?