ஜெர்வாசோவின் கைகள்

பாட்டின் உச்சியில் ஏறும் அந்த ஸ்வரம் கிட்டத்தில் கேட்டது. எர்சிலியா கிராமபோன் ஊசியைத் தூக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

எட்டத்தில்தான் கேட்க வேண்டும் அது. இருபது வருஷத்துக்கு முன் அவளுக்குப் பேர் வாங்கித் தந்த முதல் இசைத்தட்டு. அந்த நாளில் பெரிய தகரக் குழலுக்குள் முகத்தை வைத்துப் பாடினால்தான் மெழுகில் பதியும். உச்சத்தில் குரல் வெடித்தால் மெழுகு பாழ். ஆகவே பாடுகிறவளின் தோளைப் பிடித்து, சரியான கணத்தில் பின்னுக்கு இழுக்க ஓர் ஆள் நிற்பான். அவளை இழுத்தவன் ஜெர்வாசோ. ஒரே ஒரு நாள் மட்டும் ஒரு கணம் பிந்தி இழுத்துவிட்டான்.

"இந்தக் கை இனிமே என்மேல படக்கூடாது" என்றாள், எல்லார் முன்னாலும். கர்வம் தலைக்கேறிய வயசு, பாவம். அவனுக்கு வேலை போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் அவனைக் கால்வாயிலிருந்து எடுத்தார்கள்.

இப்போது மிலானில் அவளை மேடைக்குக் கூப்பிடுவார் இல்லை. நாளை காலை அதே பாட்டைத் திரும்பப் பதிய ஒரு வாய்ப்பு, கடைசி வாய்ப்பு. குரல் தாங்கினால் பிழைத்தாள். அதற்காகத்தான் பழைய தட்டைப் போட்டுக் கேட்டாள்.

அடுக்களையில் குங்குமப்பூச் சோறு கிண்டிக்கொண்டிருந்த வேலைக்காரி டெல்ஃபினாவிடம் போய், ஸ்வரம் கிட்டத்தில் கேட்கிறது என்று சொன்னாள்.

"ஊசி மழுங்கிப்போச்சு, சிஞோரா. நாமளுந்தான்" என்றாள் அவள், திரும்பாமலே.

எர்சிலியா திரும்பி வந்து மறுபடி விசையைச் சுற்றிவிட்டாள். பகலிலேயே மூடுபனி சன்னலில் அப்பியிருந்தது. கிராமபோன் குழலின் வாயிலிருந்து சூடான மெழுகு வாசனையும், அதன் பின்னாலேயே பாசி பிடித்த தண்ணீரின் வாடையும் மெல்ல மெல்லக் கசிந்து வந்து, அறையில் இருந்த வெண்ணெய் மணத்தைத் தின்றன. ஸ்வரம் ஏறியது. இன்னும் கிட்டத்தில். தட்டுக்குள் அவளை யாரும் இழுக்கவில்லை.

இழுக்கிறவன் அங்கே இல்லை.

அப்படியானால் எங்கே?

தோளில் ஈரம். பத்து விரல்.

டெல்ஃபினாவைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வெறும் காற்று. கை இழுத்தது. ஓர் அடி. இன்னோர் அடி. சுவர் முதுகில் இடிக்க வேண்டிய இடம் வந்தது. இடிக்கவில்லை.

பாட்டு நின்றது. தட்டு மட்டும் சுற்றியது. குழலுக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"டெல்ஃபினா."

அவளுடைய குரல். இருபது வருஷத்துக்கு முந்தைய குரல்.

"வந்துட்டேன், சிஞோரா." கையைத் துடைத்துக்கொண்டே வந்த டெல்ஃபினா குழலுக்கு நேரே நின்றாள். அதைப் பார்த்துச் சிரித்தாள். "அட, குரல் திரும்பிடுச்சே. நாளைக்கு அசத்திடுவீங்க."

பொத்தான் அளவுக்குச் சிறுத்துப்போன அந்த அறையின் வெளிச்சத்தைப் பார்த்தபடி, திறந்த வாய் மூடாமல், எர்சிலியா பின்னால் போய்க்கொண்டேயிருந்தாள்.