எழிலனைத் தேடிப் போன எழிலன்

எழிலன் காணாமல் போய் மூன்று நாள் ஆகிவிட்டது. இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் எழிலனேதான்.

ஆடிக் கிருத்திகை அன்று அவனுக்கு மலையில் மொட்டை போட்டார்கள். அவன் பிறந்தபோது வேண்டிக்கொண்டது. அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று தள்ளிக்கொண்டே போனதில் அவனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. அதற்குள் முடி தோளுக்குக் கீழே வளர்ந்து, அம்மா சந்திரா தினமும் இரட்டைச் சடை போட்டுவிட வேண்டியதாயிற்று. தெருவில் பாதிப் பேர் அவனைப் பெண்பிள்ளை என்றே நினைத்திருந்தார்கள். அதைப் பற்றி எழிலனுக்குக் கவலை கிடையாது. அவனுக்குத் தன் சடை அவ்வளவு பிடிக்கும்.

மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, மஞ்சள் வேட்டி கட்டி, தோளில் குட்டியாக ஒரு பூக்காவடியையும் வைத்தார்கள். காவடி எடுப்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். தாத்தாவானாலும் சரி, பொடியனானாலும் சரி, "சாமி"தான். "சாமி, இப்படி வாங்க." "சாமி, தண்ணி குடிங்க." அப்பா ராஜமாணிக்கம்கூட "பாத்து நடங்க சாமி" என்றார். அன்று முழுவதும் ஒருவர்கூட அவனை எழிலன் என்று கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பீரோ கண்ணாடியில் பார்த்தான். உள்ளே மஞ்சள் தலையோடு ஒரு பையன் முழித்துக்கொண்டு நின்றான்.

"இது யாரு அக்கா?"

"நீதான்டா," என்றாள் அக்கா கயல்விழி. அவள் ஐந்தாம் வகுப்பு.

"நான் இல்ல. எழிலனுக்கு முடி இருக்கும். எழிலன் மலையிலயே நின்னுட்டான்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது புதன்கிழமை. வியாழக்கிழமையிலிருந்து வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒன்றாம் வகுப்பில் புஷ்பலதா மிஸ் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டார்.

"எழிலன்!"

எழிலன் வாசலை எட்டிப் பார்த்தான்.

"டேய், நீதானே எழிலன்?"

"இல்ல மிஸ். அவன் இன்னிக்கு வரல."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. வெள்ளிக்கிழமையும் அதே கதை. மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாளும் ஆப்சென்ட் போட்டார். "திங்கக்கிழமை அம்மாவைக் கூட்டிகினு வா. வரும்போது இந்தச் சேட்டையை வீட்டுலயே வச்சிட்டு வா" என்றும் சொல்லி அனுப்பினார்.

அம்மா சுற்றிப் போட்டாள். அடுப்பில் விழுந்த மிளகாயில் வீடு முழுக்க இருமியதுதான் மிச்சம். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். "ஒரு மாசம் போனா முடி வளந்துடும், எல்லாம் சரியாயிடும்" என்று கனகம்மாசத்திரம் சவாரிக்குக் கிளம்பிவிட்டார்.

கயல்விழி வாதாடிப் பார்த்தாள்.

"உடைஞ்ச பம்பரத்தை எழிலன் எங்க ஒளிச்சு வச்சிருக்கான், சொல்லு?"

"அரிசி டிரம்முக்குப் பின்னால."

"பாத்தியா! அது எழிலனுக்கு மட்டும்தானே தெரியும்?"

"என்கிட்ட சொல்லிட்டுப் போனான்."

இவனிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று விட்டுவிட்டாள். நாடகம் ஆடுகிறான், அலுத்தால் நிறுத்திவிடுவான் என்றுதான் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஏதோ நாறியது. அம்மா தேடித் தேடி, துணி அலமாரியில் எழிலனின் சட்டைக்கு அடியிலிருந்து இரண்டு முட்டைகளை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் மதியம் போடும் அவித்த முட்டைகள். ஒன்று நசுங்கியிருந்தது.

"இன்னாடா இது?"

"எழிலனுக்கு," என்றான். "மலைமேல அவனுக்குப் பசிக்கும்ல? அவனுக்கு அங்க யாரைத் தெரியும்?"

சொல்லும்போதே உதடு பிதுங்கி, ஓவென்று அழுதுவிட்டான்.

கயல்விழிக்கு அப்போதுதான் புரிந்தது. இது நாடகம் இல்லை. தம்பி நிஜமாகவே தன்னைத் தொலைத்துவிட்டுப் பயந்துபோயிருக்கிறான். மூன்று நாளாக எல்லோரும் அவனோடு சண்டை போட்டார்களே தவிர, ஒருவரும் கூடச் சேர்ந்து தேடவில்லை.

"சரி, அழாத," என்றாள். "நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு. மலைக்குப் போய் தேடலாம்."

எழிலன் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். "முட்டை எடுத்துக்கட்டுமா?"

"மலைக்கு முட்டை எடுத்துகினு போவக் கூடாதுடா. கடலை மிட்டாய் எடுத்துக்க."

படிக்கட்டு தொடங்கும் இடத்தில் இருக்கும் பூஜைச் சாமான் கடையில்தான் அம்மாவுக்கு வேலை. "பதினோரு மணிக்குள்ள இறங்கிடணும்" என்று அனுப்பி வைத்தாள். முந்நூற்று அறுபத்தைந்து படி. நூறாவது படிவரை எழிலன் ஓடினான். இருநூறுக்கு மேல் கயல்விழி அவனை இழுத்துக்கொண்டு ஏறினாள்.

முடி எடுக்கும் மண்டபத்தில் ஈரமும் சந்தன வாசனையுமாக இருந்தது. எழிலனுக்கு மொட்டை போட்ட ராஜவேலு அண்ணன் கத்திக்குப் புது பிளேடு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கிருத்திகை அன்னிக்கு எடுத்த முடியெல்லாம் எங்க இருக்கு?"

"அதெல்லாம் அன்னிக்கே மூட்டை கட்டி அனுப்பிட்டாங்களே பாப்பா. இன்னா, எதுனா தோடு கீடு விழுந்துடுச்சா?"

"இல்லண்ணே. தம்பி."

ராஜவேலு அண்ணனுக்குப் புரியவில்லை. எழிலனுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. மூட்டை போய்விட்டது. மறுபடி உதடு பிதுங்கியது.

கயல்விழிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. தேடலாம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூட்டி வந்தாகிவிட்டது. வெறும் கையோடு இறங்கினால், இவன் திங்கட்கிழமையும் ஆப்சென்ட்தான்.

அப்போது ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், சுருட்டை முடிப் பையன் ஒருவனை மடியில் வைத்துக்கொண்டு ராஜவேலு அண்ணன் முன்னால் உட்கார்ந்தார். பையன் கத்தியைப் பார்த்ததுமே "வத்து நைனா, வத்து!" என்று அலறத் தொடங்கினான். வேண்டாம் அப்பா, வேண்டாம்!

கயல்விழிக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"எழிலா... இல்ல, சாமி. இவனுக்கும் இப்ப முடி போவப் போவுது. இவன் எந்த நேரத்துல கிளம்பிப் போறான்னு நல்லா பாரு. உன் எழிலன் எப்படிப் போனான்னு தெரிஞ்சிடும்."

எழிலன் பையனுக்கு நேர் எதிரே குந்தினான். பக்கத்து வீட்டில் கற்ற தெலுங்கு கொஞ்சம் அவனிடம் இருந்தது. உன் பேர் என்ன என்று அதில் கேட்டான்.

"நீ பேரேமி?"

"பங்காரு!" என்று அழுகைக்கு நடுவே பதில் வந்தது.

கத்தி ஓடியது. சுருட்டை முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. எழிலன் கண் இமைக்கவில்லை. இடது பக்கம் மொட்டை, வலது பக்கம் சுருட்டை. எழிலன் கையைக் காட்டி ராஜவேலு அண்ணனை நிறுத்தச் சொன்னான். அவரும் ஏனோ நிறுத்தினார்.

"நீ பேரேமி?"

"பங்காருஊஊ!"

மறுபடி கத்தி ஓடியது. கடைசி முடியும் விழுந்தது. தலை பளபளத்தது. எழிலன் கிட்டே போய், மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்தான்.

"இப்போ? நீ பேரேமி?"

பையனுக்குக் கோபம் வந்து அழுகையே நின்றுவிட்டது. "பங்காரு! பங்காரு! என்னி சார்லு செப்பாலி?" என்று கத்தினான். எத்தனை தடவை சொல்வது என்று கேட்கிறான். அவன் அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

எழிலன் சிரிக்கவில்லை. மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"அக்கா, அவன் போவவே இல்ல."

"ஆங்."

"அழுதுகினே இருந்தான். நடுவுல விட்டுட்டு அழுவல. ஒரே அழுகை."

"நானும் பாத்தேன்."

"நான் அழுதேனா?"

"நீ சிரிச்சிகினு இருந்த. கழுத்துல இன்னாவோ பண்ணுதுன்னு."

"ஆங், குறுகுறுன்னு இருந்துச்சு. மொதல்லயும் இருந்துச்சு. மொட்டை ஆன அப்புறமும் இருந்துச்சு." கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். "எனக்குத்தான் குறுகுறுன்னு இருந்துச்சு. வேற யாருக்கும் இல்ல."

"இதைத்தானே மூணு நாளா சொல்றேன்" என்று சொல்ல கயல்விழிக்கு நாக்கு துறுதுறுத்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள்.

எழிலன் தலையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தான். பிறகு கடலை மிட்டாயை எடுத்து உடைத்து, ஒரு பாதியைப் பங்காருவிடம் கொடுத்தான். மறு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

"ரொம்பப் பசி," என்றான்.

இறங்கும்போது கேள்வி ஆரம்பித்தது.

"அக்கா, நான் முடியில இல்லன்னா எங்க இருக்கேன்?"

"உடம்புல எங்கயோ இருக்கே."

"வயித்துலயா? தலையிலயா?"

"தெரியலடா. நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியல."

"உனக்கும் தெரியாதா!" எழிலனுக்கு ஒரே சந்தோஷம். முட்டியைத் தட்டி "இங்க இல்ல" என்றான். முழங்கையைத் தட்டி "இங்கயும் இல்ல" என்றான். காதை இழுத்துப் பார்த்தான். எல்லாப் படியும் முடியும்வரை தேடிக்கொண்டே வந்தான். கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கயோ இருந்துட்டுப் போறேன். கால் வலிக்குது, தூக்கு."

திங்கட்கிழமை அம்மா கடைக்குப் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்து வகுப்பு வாசலில் நின்றாள். பக்கத்தில் கயல்விழி. புஷ்பலதா மிஸ் இருவரையும் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்தார்.

"எழிலன்!"

"உள்ளேன் மிஸ்!" பக்கத்து வகுப்புக்கும் கேட்டிருக்கும்.

மிஸ் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவனைப் பார்த்தார். "அப்பாடா, வந்துட்டியா! ரெண்டு நாளா எங்கடா போயிருந்த?"

"நான் எங்கயும் போவல மிஸ். இங்கதான் இருந்தேன். எனக்குத்தான் தெரியல."

அன்று மதியம் முட்டையை எழிலன்தான் தின்றான். அக்காவுக்கு ஒரு வாய்கூடத் தரவில்லை.