பதினான்கு புள்ளி ஒன்று

மேசை மேல் தனியாகக் கிடந்த எஞ்சின் மானிட்டர் 14.1 வோல்ட் என்று காட்டியது. வைனோ லாத்திக்கு முதலில் உறுத்தியது அதுதான். பெட்டியோடு இணைத்திருந்தது ஒரே ஒரு பேட்டரி. சும்மா கிடக்கிற பேட்டரி பதின்மூன்றைத் தாண்டாது. பதினாலு காட்டவேண்டுமென்றால் எங்கோ ஓர் எஞ்சின் ஓடி, ஆல்டர்னேட்டர் அதற்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

"இரைச்சல்தான்யா, வேறென்ன?" என்றார் பக்கத்து விமானக் கொட்டகை பெர்னி, கறி அடைத்த பாஸ்டி ரொட்டியின் மீதியை வாயில் திணித்துக்கொண்டே. "ஆறு வாரமா இந்தப் பொட்டியைக் கட்டிக்கிட்டு அழறே."

"என் பொண்டாட்டி தனியா ஏரிமேல பறக்குறா பெர்னி. அழாம என்ன செய்ய?"

"அவ உன்னைவிட நல்லாவே ஓட்டுவா. டாக்டர் உன்னைப் பறக்கக் கூடாதுன்னு சொன்னதே ஊருக்கு நல்லதுதான்." பெர்னி சிரித்துவிட்டுத் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு அந்த ஓடுதளத்தில் வேறு யாருமில்லை.

ஒன்பது வருடம் வைனோவும் மார்லிஸும் ஒவ்வோர் ஆணியாக அடித்துக் கட்டிய விமானம். பறக்கத் தயாரானபோது அவனுக்கு மாரடைப்பு வந்தது, அவள் ஓட்டினாள். சட்டப்படி முதல் நாற்பது மணி நேரம் ஒற்றை ஆளாக, வீடுகள் இல்லாத இடத்தில்தான் பறக்கவேண்டும். இந்தப் பக்கத்தில் வீடில்லாத இடம் என்றால் சுப்பீரியர் ஏரிதான். முப்பத்தாறு மணி நேரம் முடிந்திருந்தது.

ஆறு வாரத்துக்கு முன் அந்த இரைச்சல் தொடங்கியது. ஹெட்செட்டில் கரகரவென்று ஒரு சத்தம் வரும், அதே நொடியில் மானிட்டரில் எண்கள் துள்ளும். "யாரோ தூரத்துல நின்னு கத்துற மாதிரி இருக்கு வைனோ," என்று மார்லிஸ் ஒருநாள் சொன்னாள். அவன் சிரித்தான்.

இன்று காலை பெட்டியைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து, விமானத்தில் இரவல் பெட்டி ஒன்றை மாட்டினான். மேசைக்குச் சுத்தமான மின்சாரம் வேண்டுமென்று புது பேட்டரியை எடுத்துக்கொண்டு, குப்பைக்குப் போகவிருந்த பழையதை விமானத்தில் வைத்தான். கிளப்புவதற்குத் தாங்கினால் போதும், பிறகு ஆல்டர்னேட்டர் பார்த்துக்கொள்ளும். அவள் தொடையில் ஒரு அட்டையையும் கட்டிவிட்டான். சத்தம் வந்தால் எதெதை எந்த வரிசையில் அணைக்கவேண்டும் என்று அதில் இருந்தது. கடைசி வரி, அடியில் இரண்டு கோடு போட்டது: அணைத்ததை இறங்கும்வரை திரும்பப் போடாதே. போன தடவை அவள் அணைத்தும் போட்டும் குழப்பியதில் ஒன்றும் பிடிபடவில்லை.

இரண்டு மணி பத்து. பெட்டி இப்போது வோல்ட்டோடு நிற்கவில்லை. சுற்று 2410, எண்ணெய்ச் சூடு 188, மூன்றாம் சிலிண்டர் 381. எஞ்சின் கம்பி ஒன்றுகூட மாட்டாத பெட்டி! குழல்விளக்கை அணைத்தான். ஹீட்டரைப் பிடுங்கினான். எண்கள் அசையவில்லை. இரைச்சலுக்கு ஒரு ஒழுங்கு இருக்காது. இதற்கு இருந்தது. பென்சிலால் குறித்துக்கொண்டான்.

இரண்டு இருபத்தொன்றுக்குக் கைரேடியோவில் மார்லிஸின் குரல் வந்தது. "எழுதிக்கோ. சுத்து ரெண்டாயிரத்து நானூத்திப் பத்து. எண்ணெய் நூத்தி எண்பத்தெட்டு. மூணாவது முந்நூத்தி எண்பத்தொண்ணு. கேக்குதா?"

பென்சில் வரியைப் பார்த்தான். அவள் சொன்னதேதான். பதினோரு நிமிடத்துக்கு முன்பே அங்கே இருந்தது.

அடுத்த தடவையும் அப்படியே. ஹீட்டர் இல்லாத கொட்டகையில் குளிரோடு பெட்ரோல் வாசனை கனத்து நின்றது, தகரக் கூரை காற்றில் முனகியது. அவன் கண் பெட்டியை விட்டு நகரவில்லை.

இரண்டு முப்பத்துநான்குக்கு 14.1 சட்டென்று 12 ஆனது. பிறகு 11. பிறகு 9. இரண்டு நாற்பத்தொன்றுக்குச் சுற்று 0. சிலிண்டர்கள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்தன. ஒரு நிமிடத்தில் எல்லாம் ஒரே எண்ணுக்கு வந்து நின்றன. 41 ஃபாரன்ஹீட். இந்த மாதத்தில் ஏரித் தண்ணீரின் சூடு அது.

ரேடியோவை அள்ளினான். "மார்லிஸ்! திரும்பி வா! உடனே கரைக்கு வா!"

"ஐயோ, வந்துடுச்சு அந்தச் சனியன்," என்றாள். "காதைக் கிழிக்குது. சரி, அட்டைப்படி போறேன். ஹீட்டர் ஃபேன் அணைச்சாச்சு."

"நான்தான் பேசறேன்! மார்லிஸ்!"

"இன்னும் இருக்கு. விளக்கு அணைச்சாச்சு."

செல்பேசியில் அவள் எண்ணை அழுத்தினான். அவன் முதுகுக்குப் பின்னால், அலமாரியில் மணி அடித்தது. சார்ஜில் போட்டு மறந்துவிட்டுப் போயிருந்தாள்.

மறுபடி ரேடியோ. தொண்டை கிழியக் கத்தினான்.

"ஆல்டர்னேட்டர் அணைச்சாச்சு."

விரல் பொத்தானிலிருந்து தானாக நழுவியது.

"நின்னுடுச்சு! வைனோ, கண்டுபிடிச்சிட்டோம்! ஆல்டர்னேட்டர்தான் அந்தத் திருட்டுப்பய!" அவள் சிரித்தாள். "அப்படியே அணைச்சு வச்சுட்டே வர்றேன். கால் மணி நேரந்தான். புது பேட்டரிதானே, தாங்கும்."

மணி இரண்டு நாற்பத்தைந்து. புது பேட்டரி அவன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மாற்றியதை அவளிடம் சொல்லவில்லை. காலையில் பெர்னியோடு வாயடித்ததில் மறந்தே போனான். அந்த எஞ்சினில் தீப்பொறி வருவதே மின்சாரத்தால்தான்; பேட்டரி தீர்ந்தால் எஞ்சினும் நிற்கும்.

அழுத்தினான். "ஆல்டர்னேட்டரைப் போடு! போடும்மா!"

"அடச்சே, திரும்பவும். சரி, அடுத்தது. முதல் இக்னிஷன்."

விட்டுவிட்டான். பேசினால் அடுத்த இக்னிஷனையும் அணைப்பாள். பேசாவிட்டால் பேட்டரி செத்துவிடும். அவன் எழுதிய அட்டை, அவன் போட்ட இரண்டு கோடு.

அவசர உதவிக்கு அழைத்தான்.

"விமானம் எங்க விழுந்துச்சு சார்?"

"இன்னும் விழல."

"சார்?"

"படகை அனுப்புங்கம்மா. கெஞ்சிக் கேக்குறேன்."

"படகு வர நாப்பது நிமிஷம் ஆகும் சார். முதல்ல என்ன நடந்ததுன்னு சொல்லுங்க."

பெட்டியில் சுற்று எண் மறுபடி உயிர் பெற்றிருந்தது. 118. 121. எஞ்சின் இவ்வளவு மெதுவாகச் சுற்றாது. ஆனால் இந்த எண்களை வைனோவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவன் தலைமாட்டில் இருந்த இதயத்துடிப்புப் பெட்டி இப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தது.

96.

60.

பேட்டரிக் கம்பியைப் பிய்த்தெறிந்தான். திரை அணையவில்லை.

31.

இரண்டு ஐம்பத்தொன்றுக்கு 0.

வெளியே ஓடினான். சாம்பல் வானத்தில், ஏரிக்கு மேலே, அவள் எஞ்சின் சீராக ஓடுவது மெலிதாகக் கேட்டது. கையிலிருந்த ரேடியோவில் அவள் குரல். "காப்பி போட்டு வை வைனோ. கை விறைச்சுப்போச்சு."

மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

எஞ்சின் சத்தம் நின்றது.

தண்ணீர் அப்படியே விரிந்து கிடந்தது. வைனோ கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஐம்பத்தொன்றோடு பதினொன்றைக் கூட்டினான். மூன்று மணி இரண்டு நிமிடம் வரை அவள் உயிரோடு இருப்பாள்.