எதிர்க்குழாய்

வார்டில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த, யாருமற்ற ஒரு அம்மா இறந்த மறுநாள் மதியம், கால் கட்டைப் பிரிக்க அப்பாவைத் தள்ளுவண்டியில் கூட்டிப் போனேன். நான் வேலை பார்க்கும் அதே காயப் பிரிவு. மருந்து நெடி. அதற்கு அடியில், துருப்பிடித்த ஈர இரும்பின் வாடை.

"ஏ பட்டதாரி, காலு தேறுமா, இல்ல கட்டைக்காலுக்கு ஆர்டர் குடுத்திரலாமா?" என்றார் அப்பா.

எங்கள் வைத்தியத்தில் மர்மமில்லை. நோயாளியின் ரத்தத்தையே குழாயில் அடைத்துச் சுழற்றினால் மேலே மஞ்சள் நீர் பிரியும். அது கூழாக உறைந்ததும் அவருடைய ஆறாத புண்ணிலேயே வைத்துக் கட்டுவோம். இயந்திரம் ஆடாமலிருக்க எதிர்ப்பக்கம் அதே எடையில் இன்னொரு குழாய் வேண்டும். அப்பாவின் குழாய்க்கு எதிரே சீனியர் நர்ஸ் அக்கா எப்போதும் அந்த அம்மாவின் குழாயை வைப்பாள். ரத்தம் எடுத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும் அவள்தான். அப்பாவுக்கு நான் கட்டுவேன். அந்த அம்மாவுக்கு அக்கா.

அந்த அம்மா கையை நீட்டும்போதெல்லாம் என்னைக் கேட்பாள்: "என்னுது எனக்குத்தானே, கண்ணு?"

"பின்ன யாருக்காம்?" என்பேன். நம்பித்தான் சொன்னேன்.

கட்டைப் பிரித்தேன். எலும்பு தெரிந்த குழியில் இளஞ்சிவப்புத் தோல் மூடியிருந்தது. அந்த அம்மாவின் புண்ணோ கடைசிவரை அழுகியது.

"எப்படிக்கா?" என்று அருகில் நின்ற அக்காவைக் கேட்டேன்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பா ரத்தம் உறையவே இல்லடி. அவங்களுது கெட்டியா நின்னுச்சு. சீட்ட மாத்தி ஒட்டினேன். உனக்காகத்தான்."

"அவங்களுக்கு?"

"உப்புத்தண்ணித் துணி. கேக்க யாருடி இருக்கா அதுக்கு?"

எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். என் கையை வைத்தே திருடியிருக்கிறாள். எனக்காகவாம்! நான் கேட்டேனா?

அப்பாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"கால எடுத்துருவாங்கன்னாங்க, பட்டதாரி..."

மூலையில் இயந்திரம் ஆடத் தொடங்கியது.

யாரும் தொடவில்லை.

அது அடங்கியதும் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு குழாய்கூட இல்லை. இரும்பு வாடை மட்டும் முகத்தில் அடித்தது.

அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி தறிகெட்டு ஓடியது. மறு கையைப் புதுத்தோலில் வைத்தேன். சில்லென்றிருந்தது. அதற்கடியிலும் ஒரு துடிப்பு.

மெதுவாக. நிதானமாக.

அவருடையதல்ல.

"என்னுதுதானே, கண்ணு?"

அசைந்தது அப்பாவின் உதடு. அவர் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"சொல்லாதடி!" என்று அக்கா என் தோளைப் பிடித்தாள்.

இன்னொரு பொய் என் வாயில் வரவில்லை.

"ஆமாம்மா. உங்களுதுதான்."

என் விரலுக்கடியில், புதுத்தோலின் ஓரம் மெல்லப் பிரியத் தொடங்கியது.